ஊரெல்லாம் ஆடிய நாற்காலி

குமரேசா, இதை எழுதுவது நான்தான். யாரையும் பக்கத்தில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதவைக்கவில்லை. என் கை, என் பென்சில். நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு ஆபீஸிலிருந்து வேறு அழைப்பு வந்துவிடுகிறது. நீ திரும்பி வருவதற்குள் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கு மறந்துபோகிறது. காகிதம் அப்படி இல்லை. ஒரு வரி எழுதிவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலேயே எனக்காக நிற்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்பாய். எனக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். முத்தாபுதுப்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஐயப்பன்தாங்கலில் உன் ஃப்ளாட்டுக்கே வந்துவிடச் சொன்னாய். வாடகைக்கு ஒரு இளம் ஜோடி தயாராக இருக்கிறார்கள், நல்ல மாதிரி, கம்ப்யூட்டர் வேலை, தரையை மட்டும் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டுத்தரச் சொல்கிறார்கள் என்றாய். நான், “முதல்ல நாற்காலி சரியாவட்டும், அப்புறம் சொல்றேன்” என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். நாற்காலிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்கும் தெரியாது. ஏதோ தட்டிக்கழிக்க வாயில் வந்ததைச் சொன்னேன். இப்போது பார்த்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. எந்த முனையைப் பிடித்து அவிழ்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. படிக்கும்போது உனக்குக் குழப்பமாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுதுகிறவனும் அப்படித்தான் இருக்கிறான்.

முதலில் எழுத்து வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பால்வாடிக் கட்டடத்தில் பிள்ளைகள் போன பிறகு, மத்தியானம் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. உனக்குச் சொல்லவில்லை. எழுத்து வராமல்போனால் அசிங்கம் என்று ரகசியமாகப் போனேன். முதல் வாரம் முழுவதும் பென்சில் முனைதான் ஒடிந்துகொண்டிருந்தது. “தாத்தா, அது உளி இல்ல. காகிதத்தக் குடையாதீங்க” என்பார் டீச்சர். எனக்கு வேறு எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. கையில் ஒன்றைக் கொடுத்தால் அழுத்துவதுதான் இத்தனை காலமும் நான் செய்தது. அழுத்தாமலே ஒரு வேலை நடக்கும் என்பதைக் கை ஒப்புக்கொள்ளவே இல்லை. பிறகு ஒருநாள் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பஸ்ஸின் நெற்றியில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனேன். பாதிவரை அவை வெறும் எழுத்துகள்தான். எந்த இடத்தில் என்று தெரியவில்லை, திடீரென்று அது ஐயப்பன்தாங்கல் ஆகிவிட்டது. என் மகன் இருக்கும் ஊர்! அந்தப் பஸ்ஸில் ஏறவேண்டும் என்றே தோன்றவில்லை. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது போய்விட்டது.

அப்படித் திடீரென்று ஆவது எனக்குப் புதிதில்லை. ஒரு குச்சியை உருட்டையாக்கும்போதும் அப்படித்தான். சதுரக் கட்டையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து நம் பக்கம் இழுக்கிற கத்தியால் நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப் பட்டை வரும். அந்த எட்டின் மூலைகளையும் சீவினால் பதினாறு. அதற்குமேல் கண்ணுக்குப் பிடிபடாது, விரலால்தான் தேட வேண்டும். அரத்தால் ராவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் உருட்டினால் பட்டை இருக்காது. எந்த இழுப்பில் பட்டை போய் உருட்டை வந்தது? இத்தனை குச்சி செய்தவனுக்கு இன்றுவரை அது தெரியாது. டீச்சரிடம் கேட்டேன், எழுத்து எந்த இடத்தில் வார்த்தை ஆகிறது என்று. அவர், “அதெல்லாம் கேக்காதீங்க தாத்தா, படிங்க” என்றார்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். ரேவதிக்கு முதுகுவலி என்று உனக்கே தெரியும். கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்து நாள் முழுக்க வேலை செய்கிற பெண். பொங்கலுக்கு வந்தபோது, “மாமா, கடையில வாங்கினது எதுவும் எனக்கு ஒத்துவரல. நீங்களே ஒரு நாற்காலி செஞ்சு தாங்களேன்” என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். அவள் அவ்வளவு நம்பிக்கையோடு கேட்டதற்குக் காரணம் நீ. என் நைனா நாற்காலி செய்கிறவர் என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லிவைத்திருக்கிறாய். குமரேசா, நான் வாழ்நாளில் ஒரு நாற்காலிகூடச் செய்ததில்லை. கால் செய்தேன். முதுகு சாய்கிற இடத்தில் வரிசையாக நிற்கிற குச்சிகள் செய்தேன். அம்பத்தூர் கடைகளிலிருந்து ஆள் வந்து கட்டுக் கட்டாக எடுத்துப்போவார்கள். அங்கே ஒருவர் பலகை இழைப்பார், ஒருவர் பூட்டுவார், ஒருவர் பாலிஷ் போடுவார். என் கால்கள் எந்த வீட்டில், எந்தத் தரையில் போய் நின்றன என்பதை நான் பார்த்ததே இல்லை. நிற்கிறதா என்று யோசித்ததும் இல்லை. கேட்டுப் பணம் கொடுக்கிறார்கள் என்றால் நிற்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும், அம்மாவும் நானும் கயிற்றுக் கடைசல் போட்டது. கட்டையை இரண்டு முளைகளுக்கு நடுவே ஆணி முனையில் மாட்டிவிட்டு, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, அம்மா எதிரில் மூலையில் உட்கார்ந்து மாற்றி மாற்றி இழுப்பாள். கட்டை என் பக்கம் சுழலும்போதுதான் உளியை வைக்க வேண்டும். அவள் பக்கம் திரும்பும்போது உளியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் உளி துள்ளி, வேலை கெட்டு, கட்டையும் பிளந்துவிடும். ஒரு பிளவுக்கு ஒரு சண்டை. “இழுக்கத் தெரியுதா உனக்கு?” என்று நான் கத்துவேன். “நான் இழுத்துகினுதான் கீறேன். உன் உளிக்குத்தான் அவசரம்” என்பாள். நீ ரேவதியோடு போனில் பேசும் தொனியைச் சில நேரம் கேட்டிருக்கிறேன். அவள் தன் பக்கம் இழுக்கிற நேரத்திலும் நீ உளியை வைத்துக்கொண்டிருக்கிறாய். கொஞ்சம் எடு. கட்டை தானாக உன் பக்கம் திரும்பிவரும். இது புத்திமதியா, வெறும் கடைசல் வேலையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுத வந்ததும் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது.

அம்மா போன பிறகு கயிறு இழுக்க ஆள் வைத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. அதற்குப் பிறகுதான் கையாலேயே சீவ ஆரம்பித்தேன். ரேவதியின் நாற்காலிக்கும் எல்லாம் கைவேலைதான். பூவரசு மரம். கால்கள் கீழே போகப் போக லேசாக ஒல்லியாகும்படி இழுத்தேன். முதுகுக் குச்சிகள் நடுவில் கொஞ்சம் தடித்து, இரு முனையிலும் மெலிந்து, பாம்பு இரை விழுங்கியதுபோல் வந்தன. அவளுடைய முதுகு எங்கே வலிக்கிறது என்று போனில் கேட்டுக் கேட்டு அந்த இடத்தில் வளைவு வைத்தேன். பலகையில் துளை போட்டு நான்கு கால்களையும் இறக்கி, நம் அறையில், நான் எப்போதும் உட்கார்கிற இடத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். லேசாக ஆடியது. எந்தக் கால் குட்டை என்று பார்த்து, மற்ற மூன்றையும் ரம்பத்தால் மயிரிழை மயிரிழையாக அறுத்தேன். சாயங்காலம் வைத்தபோது கல்லில் அடித்த மாதிரி நின்றது. ஏறி உட்கார்ந்தேன். எழுந்து நின்று கும்பிட்டேன். யாரை என்று கேட்காதே.

அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் பார்த்த பார்வை இருக்கிறதே! “இன்னா பெருசு, பஸ்ல சீட்டு கிடைக்காதுன்னு ஊட்லேந்தே எடுத்துகினு வந்துட்டியா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அதன்மேலேயே உட்கார்ந்து பூந்தமல்லிவரை ராஜாபோல் வந்தேன். ஓடுகிற பஸ்ஸில் எல்லாமே ஆடும் என்பதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் ஹாலில் வைத்தபோதுதான் தெரிந்தது. ரேவதி உட்கார்ந்தாள். டக் என்றது. கொஞ்சம் சாய்ந்தாள். டக். அவள் முகம் மாறவில்லை, நல்ல பெண். “ஆடினா என்ன மாமா, தொட்டில் மாதிரி சுகமாத்தான் இருக்கு” என்றாள். நீ உள்ளே போய், ஒரு அட்டையை மடித்துக்கொண்டு வந்து ஒரு காலுக்கு அடியில் சொருகினாய். குமரேசா, அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ, “உன் ஃப்ளாட்டு தரை கோணல்டா!” என்று கத்திவிட்டேன். “நைனா, இது லெவல் பாத்து போட்ட டைல்ஸ்” என்றாய். “லெவல் பாத்தவன் கண்ணு கோணல்” என்றேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நீ வீட்டு விஷயத்தை எடுத்தாய். ஆடுகிற நாற்காலியைச் செய்தவன் தனியாக இருக்கக்கூடாது என்று நீ முடிவு செய்துவிட்டதாக எனக்குப் பட்டது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். லிஃப்டில்கூட ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய இடத்தில் வைத்தேன். ஆடவில்லை. உட்கார்ந்து இரண்டு பக்கமும் அசைந்தேன். ஆடவே இல்லை. பார்த்தாயா, உன் தரைதான் கோணல் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதை நிரூபித்துவிட வேண்டும் என்று மறுநாள் வகுப்புக்கு நாற்காலியோடு போனேன். பால்வாடித் தரையில் டக் என்றது. “தாத்தா, ஆடாம உக்காருங்க” என்றார் டீச்சர். “நான் ஆடலம்மா, உங்க தரை ஆடுது” என்றேன். அடுத்து டீக்கடை சிமெண்டுத் தரை. டக். கோயில் மண்டபத்துக் கருங்கல் தரையிலாவது ஆடாமல் நிற்கும் என்று அங்கே கொண்டுபோய் வைத்தேன். அங்கேயும் டக். பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு தரைகூட நேராக இல்லை, என் அறை ஒன்றுதான் நேர் என்று ஆகிவிட்டது. நான் அதை நம்பினேன் என்பதுதான் வேடிக்கை. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, இத்தனை கோணலுக்கு நடுவில் என் வீட்டை மட்டும் எப்படி விட்டுவிட்டு வருவது, வர முடியாது என்று மகனிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போதுதான் எதிரில் கொத்தனார் தேவராஜ் வந்தான். நீ சின்ன வயதில் அவன் மணல் குவியலில் விளையாடி உதை வாங்கியிருக்கிறாய். “இன்னா மாமே, நாற்காலிய தூக்கிகினு ஊர்கோலம் போறியா? சாமி எங்க?” என்றான்.

“ஆடுது தேவராஜு. ஊரெல்லாம் ஆடுது. என் ஊட்ல மட்டும் அசையாம நிக்குது.”

“உன் ஊட்ல எந்த ரூம்ல?”

“வேலை செய்ற ரூம்லதான்.”

அவன் நடுத்தெருவில் நாற்காலியை வாங்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சிரிக்கச் சிரிக்க அது டக் டக் என்றது. “மாமே, அந்தத் தரைய போட்டவன் நானு. அத்த கோணலா போடச் சொன்னது அக்கா.”

“எந்த அக்கா?”

“உன் சம்சாரம், மாமே!”

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீ வேப்பம்பட்டுக்கு மரம் எடுக்கப் போயிருந்தே. அக்கா வந்து நின்னுகினு, ‘தேவராஜு, அவரு உக்கார்ற பக்கம் மேடா இருக்கணும். நான் உக்கார்ற மூலை மட்டும் உள்வாங்கி, தண்ணி அங்க ஓடி வரணும். கழுவினா அவரு பக்கம் ஈரம் நிக்கக் கூடாது. கீழ உக்காந்து உக்காந்து அவருக்கு முட்டி புடிச்சுக்குது’ன்னாங்க. நான் சொன்னேன், ‘அக்கா, மாமே தொழில்காரரு, கண்டுபுடிச்சி என்னைத்தான் திட்டுவாரு’ன்னு. அதுக்கு இன்னா சொன்னாங்க தெரியுமா? ‘அவரு காலைத்தான் பாப்பாரு, தரைய பாக்க மாட்டாரு’ன்னாங்க.”

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை என் இடத்தில் ஊற்றினேன். அது யோசிக்கவே இல்லை, குமரேசா. சீவலையும் தூளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேராக அம்மாவின் மூலைக்கு ஓடியது, சுவரோரம் இருக்கிற ஓட்டை வழியாக வெளியே போனது. நான் உட்கார்கிற பக்கம் சற்று நேரத்தில் உலர்ந்துவிட்டது. அந்த ஓட்டையை நான் தினமும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் போக ஓட்டை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். தண்ணீர் ஏன் அங்கே போகிறது என்று நினைக்கவில்லை. அப்போதெல்லாம் அந்த ஒரே அறைதான் நமக்குப் பட்டறை, அடுப்படி, படுக்கை எல்லாம். வேலை முடிந்ததும் அம்மா தினமும் கழுவிவிடுவாள். அத்தனை ஈரமும் அவள் காலடியில்தான் நின்றிருக்கிறது. கயிறு இழுக்கும்போது அவள் பள்ளத்தில் இருந்தாள், நான் மேட்டில் இருந்தேன். எதிர் எதிரே உட்கார்ந்தும் எனக்கு அது தெரியவில்லை.

இதில் எனக்கு அழுகை வர வேண்டுமா, சிரிப்பு வர வேண்டுமா என்று இன்னும் தெளியவில்லை. மாறி மாறி வருகிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் பட்டறைத் தரை மட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருப்பேன், அது உண்மைதான். பிறகாவது சொல்லியிருக்கலாமே? நான் ஏமாந்ததைப் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டே கயிறு இழுத்தாளா? அல்லது அவளுக்கே மறந்துபோனதா? கேட்க ஆளில்லை. தேவராஜிடம் கேட்டால், “பொம்பளைங்க சமாச்சாரம் மாமே, எனக்கு தரைதான் தெரியும்” என்கிறான். டீச்சர் வேறு, என் வீட்டுப் பாடத்தில் வரிகள் எல்லாம் வலது பக்கம் இறங்குகின்றன என்பார். அதுவும் இந்தத் தரையால்தானோ என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் கடிதத்திலும் வரிகள் இறங்கியிருந்தால் அம்மாவின் மூலைக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்.

தேவராஜ், “குடு மாமே, நாளைக்கு ரசமட்டம் எடுத்துகினு வரேன், தெருவுலயே வெச்சி மட்டம் பாத்து காலை அறுத்துடலாம்” என்றான். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் புரிந்தது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வைத்துத்தான் கால் அறுக்க வேண்டும். இங்கே அறுத்ததால்தான் அது இங்கே மட்டும் நின்றது. உன் ஹாலில் நிற்க வேண்டியதை உன் ஹாலில்தான் அறுக்க வேண்டும். கால் செய்கிறவனுக்கு இதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஆகவே பதில் இதுதான். வருகிறேன். நாற்காலியோடும் ரம்பத்தோடும் அரத்தோடும் வருகிறேன். உன் வீட்டில் எனக்கு ஒத்துவருமா என்று தெரியாது. முதலில் கொஞ்சம் ஆடத்தான் செய்வேன். அட்டையைச் சொருகிச் சரிசெய்யப் பார்க்காதே. வீட்டை அந்த ஜோடிக்கு வாடகைக்கு விடு. ஆனால் அந்த அறைத் தரையில் டைல்ஸ் போடக் கூடாது. பெயர்த்தால்தான் வருவோம் என்றால் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும், நாம் வேறு ஆளைப் பார்ப்போம். அந்தப் பெண்ணிடம் ரேவதியை விட்டுச் சொல்லச் சொல்: அறையைக் கழுவும்போது கதவுப் பக்கம் நின்று தண்ணீர் ஊற்றினால் போதும், துடைக்கவே வேண்டாம், தானாகப் போய்விடும். கட்டில் மட்டும் ஆடும். அதற்கு நான் வந்து கால் வைத்துத் தருகிறேன்.

ரேவதியிடம் இன்னொன்றும் சொல். ஹாலில் ஒரு பழைய துணி விரித்துவைக்கட்டும், தூள் விழும். நாற்காலியை வைத்து, ஆடாமல் இருக்க அடியில் ஒரு மரத்துண்டு கொடுத்து, சின்ன மரக்கட்டையின்மேல் பென்சிலைப் படுக்கவைத்து நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போட வேண்டும். தரையிலிருந்து ஒரே உயரத்தில் கோடு விழும், அந்தக் கோட்டில் அறுத்தால் முடிந்தது. நாற்காலி கொஞ்சம் குட்டையாகும், அவள் கால் நன்றாகத் தரையில் பதியும். கட்டை என்னிடம் இருக்கிறது. பென்சிலும் இதுதான். எழுதி எழுதிக் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. டீச்சர் புதிதாகத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். நான்கு கால்களுக்குக் கோடு போட இது போதும்.